தானே புயலுக்குப் பின் ஓர் ஊரின் பால் பங்கீடு: போர்க்கால முறைகளைக் கையாண்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை, மணிக்கு 140 கிலோமீட்டர் அளவிலான காற்றோடு, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இங்கே பதிவாகும் ஊர் கடலூர் வட்டத்தில், பெண்ணையாற்றுக்கு வடக்கே, புதுச்சேரியின் பாகூர் பகுதியை ஒட்டி இருக்கிறது. புயலை அடுத்த வாரங்களில் அந்த ஊரின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுத உதவியவன் என்ற முறையில், பால் பங்கீடு எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்பதை எழுதுகிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை.

ஊரில் கறவை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களைக் கொண்டு குடும்பம் நடத்திய பெண்கள். சொந்த நிலம் இருந்தவர்கள் சிலரே. காலையும் மாலையும் சங்கத்தில் ஊற்றப்பட்ட பால் ஏறக்குறைய 400 லிட்டர். அதில் ஒரு சிறு பங்கு உள்ளூர் விற்பனைக்குப் போக, மீதி கேன்களில் லாரி ஏறிக் குளிரூட்டும் நிலையத்துக்குச் சென்றது. ஊரை அடுத்த மீனவர் குடியிருப்பிலும் காலனியிலும் மாடுகள் குறைவு. அங்கே கடலூரிலிருந்து வரும் பாக்கெட் பால்தான். அந்த நவம்பரில்தான் அரசு ஆவின் பாலின் விலையை லிட்டருக்கு 6.25 ரூபாய் உயர்த்தியிருந்தது. பால் விலை குறித்த பேச்சு சூடு ஆறாமல் இருந்த நேரத்தில் புயல் வந்தது.

முதல் நாட்களில் கண்டவை

முதலில் ஏற்பட்டது தட்டுப்பாடு அல்ல, தேக்கம். சாலை நெடுகிலும் மரங்கள் சாய்ந்து கிடந்ததால் லாரி வரவில்லை. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்துவிட்டதால் மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கறவை மாட்டைக் கறக்காமல் விட்டால் மடிவீக்கம் வரும் என்பதால் எல்லாரும் வழக்கம்போலக் கறந்தார்கள். கறந்த பாலில் ஒரு பகுதி மட்டுமே ஊருக்குள் செலவாயிற்று; எஞ்சியது தயிராயிற்று, தயிரும் மிஞ்சியபோது கன்றுகளுக்கும் வாய்க்காலுக்கும் போயிற்று. ஊருக்குள் பால் வீணான அதே காலையில், நடந்துபோகும் தொலைவில் இருந்த மீனவர் குடியிருப்பில் பாக்கெட் பால் வராமல் குழந்தைகளுக்கு வறக்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சில நாட்களில் நிலைமை தலைகீழானது. ஒற்றையடிப் பாதைகள் திறந்ததும், எல்லைக்கு அப்பாலிருந்து இருசக்கர வாகனங்களில் கேன் கட்டிக்கொண்டு வியாபாரிகள் வந்தார்கள். நகரத்தில் பால் கேட்ட விலைக்கு விற்றது. அவர்கள் சங்கத்தைப் போல இரண்டு மடங்கு விலையை வாசலிலேயே வைத்தார்கள். அதற்குள் கறவையும் சரிந்திருந்தது. இதற்கான காரணங்களில் தண்ணீரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பால் சுரக்கப் பசுவுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் தண்ணீர் தேவை. ஆழ்துளைக் கிணறுகளோ மின்சாரம் இல்லாமல் நின்றுவிட்டன. வைக்கோல் போர்கள் நனைந்து பூசணம் பிடித்தன. கொட்டகை இழந்த மாடுகள் ஈரத்தில் நின்றன. சாய்ந்த கரும்பின் தோகை மட்டும் வேண்டிய மட்டும் கிடைத்தது. அது இல்லாவிட்டால் மாடுகளின் கதி இன்னும் மோசமாகியிருக்கும். முதல் வார முடிவில் சங்கத்துக்கு வந்த பால் வழக்கத்தில் பாதிக்கும் கீழே போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்தன.

முன்மாதிரி வந்த வழி

சங்கத்தின் செயலர், மூத்த உறுப்பினர்கள், ஊர்ப் பெரியவர்கள், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோர் சங்கக் கட்டடத்தில் கூடினார்கள். முதலில் வந்த யோசனை, இருக்கும் பாலைக் குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது. கேட்க நியாயமாக இருந்தாலும், வீட்டுக்கு ஒரு தம்ளர் வீதம் எல்லாருக்கும் போய் யாருக்கும் போதாமல் முடிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டனின் ஏற்பாட்டை எடுத்துச் சொன்னார். 1940 ஜூலையில் அங்கே தொடங்கிய தேசியப் பால் திட்டத்தின்படி, கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் நாளுக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், மலிவு விலையில் கொடுக்கப்பட்டது, இயலாதவர்களுக்கு இலவசம். மற்ற பெரியவர்களுக்கு இவ்வளவு என்ற உறுதி கிடையாது. சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ஆளுக்கு இத்தனை அவுன்ஸ் என்று அளவு நிர்ணயித்த அதே அரசு, பாலுக்கு அப்படிச் செய்யவில்லை. பால் வரத்து பருவத்துக்குப் பருவம் மாறுவதால், முன்னுரிமைக்காரர்களின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு எஞ்சியதை மற்றவர்களுக்குப் பகிர்ந்தது. அந்த எச்சம் வாரத்துக்கு மூன்று பைண்டாகவும் சில காலம் இரண்டாகவும் இருந்தது. விற்பனைக்காகப் பாலேடு எடுப்பது தடை செய்யப்பட்டது. இறக்குமதி குறைந்துபோன கால்நடைத் தீவனம் பங்கீட்டுக்கு வந்தபோது பன்றிக்கும் கோழிக்கும் முன்னால் கறவை மாட்டுக்கு இடம் கிடைத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1941இல் ஏறிய சிசு மரண விகிதம், 1944இல் போருக்கு முந்தைய அளவுக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பால் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது என்பதையும் ஆசிரியரே சேர்த்துச் சொன்னார்.

புயலைப் போரோடு ஒப்பிடுவது மிகை என்று ஒரு பெரியவர் மறுத்தார். ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டது புயலை அல்ல, வழங்கல் பாதை அறுந்த நிலையில் யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வியை. தம் சிறுவயதில், 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றதையும், பிறகு வந்த பங்கீட்டுக் கடை வரிசைகளையும் பார்த்தவர் அந்தப் பெரியவர். கடைசியில் முன்னுரிமைப் பட்டியலை அவரே முன்மொழிந்தார்.

இரண்டாவது ஆலோசனை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஊரில் தையல் வேலை செய்துவந்த ஈழத்துப் பெண் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்து, பிறகு இந்த மாவட்டத்து முகாமுக்கு வந்து சேர்ந்தவர். "பால் எப்படிப் பிரிச்சாலும் பரவாயில்லை, தாய்மாரை மட்டும் லைனிலை நிக்க வைக்காதேங்கோ" என்றார் அவர். 2009 ஏப்ரல் 8ஆம் தேதி வன்னியில் அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற பெண்களும் குழந்தைகளும் எறிகணை விழுந்து மாண்டதை ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு தன் அறிக்கையில் பதிந்திருக்கிறது. எங்கள் ஊரில் எறிகணை இல்லை. ஆனாலும் ஈரத்தில், முறிந்த கிளைகளுக்கும் தொங்கும் மின்கம்பிகளுக்கும் கீழே, கைக்குழந்தையோடு ஒருத்தி மணிக்கணக்கில் நிற்பதற்கு எந்தத் தேவையும் இல்லை என்பது உடனே விளங்கியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

லாரி வராவிட்டாலும் இரு வேளையும் பால் வாங்குவதை நிறுத்துவதில்லை என்பது முதல் முடிவு. சங்கம் ஒரு வாரம் கதவைச் சாத்தினால் உற்பத்தியாளர்கள் வியாபாரியிடம் பழகிவிடுவார்கள், அதன் பிறகு அவர்களைத் திரும்பக் கூட்டுவது எளிதல்ல என்பது செயலரின் வாதம். மின்சாரத்தில் ஓடும் பரிசோதனைக் கருவி பயன்படாததால், பாலின் கொழுப்பை அளக்க, பரணில் கிடந்த கைச்சுழல் கெர்பர் எந்திரத்தையும், பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரையும் இறக்கினார்கள். குளிரூட்ட வழியில்லாத நிலையில் பாலைக் காப்பாற்ற ஒரே வழி, கறந்த சில மணி நேரத்துக்குள் காய்ச்சிவிடுவது. கோயிலின் அண்டாக்கள் வந்தன. விறகுக்குப் புயலே ஏற்பாடு செய்திருந்தது. காய்ச்சிய பாலை மட்டுமே வெளியே கொடுப்பது என்று வரையறுத்ததால், குடிநீரே சந்தேகமாக இருந்த நாட்களில் வீட்டுக்கு வீடு வேறுபடக்கூடிய ஓர் ஆபத்து நீங்கியது.

முன்னுரிமை வரிசையில் கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் முதலில் வந்தார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் அடுத்து. காசநோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள் ஆகியோர் அதற்கடுத்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் பெயரில் பால் வேண்டும் என்று சில பாட்டிமார் கேட்டபோது செவிலியர் உறுதியாக மறுத்தார். அந்த வயதில் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதால், சிசுவுக்கான பங்கு தாய் குடிப்பதற்காகவே தாயின் பெயரில் எழுதப்பட்டது. இந்தப் பிரிவுகளுக்கு ஆளுக்கு அரை லிட்டர். அதன் பிறகு எஞ்சியது மற்ற வீடுகளுக்கு. தேநீர்க் கடைகளுக்கும் இனிப்புக் கடைக்கும், எல்லாருக்கும் போய் மிஞ்சினால் மட்டும். டீக்கடைக்காரர் ஒருவர் இதை மிகவும் தாழ்வாக எடுத்துக்கொண்டு சில நாட்கள் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

வரிசை தவிர்க்கப்பட்டது. தெருவுக்கு இருவர் வீதம் இளைஞர்கள் தூக்குகளில் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள்; பள்ளிக்கூடத்துக்கும் காலனிக்கும் மீனவர் குடியிருப்புக்கும் தனித்தனிக் கேன்கள் சென்றன. சொந்த ஊர் உற்பத்தியாளர்களின் பாலை வெளியே ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தைப்பட்டத்து மீனும் கருவாடும் எந்த வீட்டிலிருந்து வருகின்றன என்று ஒரு மூதாட்டி கேட்டதோடு அது அடங்கியது.

விலை விஷயத்தில் சங்கத்தால் வியாபாரியோடு போட்டியிட முடியாது என்பது தெளிவாக இருந்தது. அதனால் வேறு மூன்று வழிகளில் உற்பத்தியாளர்களைத் தக்கவைக்க முயன்றார்கள். வழக்கமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தரும் பணத்தை அன்றன்றைக்கே கையில் கொடுத்தார்கள். கையிருப்பில் இருந்த கலப்புத் தீவன மூட்டைகளைக் கடனாக வழங்கினார்கள். வாடகை ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பொதுக் கிணற்றிலிருந்து மாட்டுத் தொட்டிகளை நிரப்பினார்கள். சங்கத்தில் பால் ஊற்றாதவர்களின் மாட்டுக்கும் தண்ணீர் விடலாமா என்பதுதான் அந்தக் கூட்டங்களில் மிக நீண்ட விவாதம். தண்ணீர் எல்லா மாட்டுக்கும், தீவனம் சங்கத்தில் ஊற்றுபவர்களுக்கு மட்டும் என்று இரவு வெகுநேரம் கழித்து முடிவானது. என் பார்வையில், எடுத்த முடிவுகளிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். கறவையைத் தூக்கி நிறுத்தாமல் பாலைப் பிரித்துக்கொண்டே இருந்தால், பிரிக்கப் பிரிக்கக் குறைந்துகொண்டேதான் போகும். பிரிட்டன் தீவனத்தில் கறவைக்கு முதலிடம் கொடுத்ததன் பொருளும் அதுவே.

பட்டியலில் வந்த சிக்கல்

தொடக்கத்தில் பயனாளிகளைக் குடும்ப அட்டையைப் பார்த்துத்தான் குறித்தார்கள். இரண்டே நாளில் அதன் ஓட்டைகள் தெரிந்தன. பிறந்து சில மாதமே ஆன குழந்தையின் பெயர் அட்டையில் ஏறியிருக்காது; கருவுற்றிருப்பது அட்டையில் தெரியவே தெரியாது. மூன்று மருமகள்கள் உள்ள கூட்டுக் குடும்பத்துக்கும் தனி ஆளுக்கும் ஒரே அட்டை. செங்கல் சூளையில் தங்கி வேலை செய்தவர்களுக்கு இந்த ஊரில் அட்டையே இல்லை. அவர்களிடம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பலர் இருந்தார்கள். எவருக்கு மிகவும் தேவையோ அவர்களே விடுபட்டார்கள்.

செவிலியர் தம் தாய்சேய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அங்கன்வாடிப் பதிவேட்டையும் அதையும் ஒத்துப் பார்த்து ஒரு புதிய பட்டியல் எழுதப்பட்டது. சூளைக்கு அவரே நடந்துபோய்ப் பெயர்களைச் சேர்த்தார். பிரிட்டனிலும் பச்சை நிறப் பங்கீட்டுப் புத்தகம் கருவுற்ற நிலையிலேயே மருத்துவச் சான்றின் பேரில் பெண்ணுக்குக் கிடைத்துவிடும். குழந்தை பிறந்து பெயர் பதியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டின் அருமை எங்களுக்குச் சூளையில்தான் புரிந்தது.

தரம் குறித்த ஐயம்

பால் குறைந்த நாட்களில் லாக்டோமீட்டர் அளவும் இறங்கியது. தண்ணீர் கலக்கிறார்கள் என்று சிலர் பெயர் சொல்லியே பேசத் தொடங்கினார்கள். சங்கத்தின் பால் பரிசோதகர் அவசரப்படவில்லை. பட்டினியாலும் அதிர்ச்சியாலும் மாட்டின் பாலில் கொழுப்பற்ற திடப்பொருள் குறையும் என்பதால், அளவு குறைந்த பாலெல்லாம் கலப்படம் ஆகிவிடாது என்று அவர் சொன்னார். ஐயத்துக்குரிய வீடுகளில் தாமே அதிகாலையில் போய்க் கண்முன் கறக்கச் செய்து அளந்தார். சில வீடுகளில் மாடுதான் காரணம் என்று தெரிந்தது. சில வீடுகளில் அடுத்த வேளையே அளவு சரியாகிவிட்டது. பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

நிவாரண வண்டிகளில் வந்தவை

நல்லெண்ணத்தோடு வந்த வண்டிகளில் சிசுக்களுக்கான பால்பொடி டின்களும் புட்டிகளும் இருந்தன. 1992ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை அனாதை இல்லங்கள் தவிர வேறெங்கும் தானமாகக் கொடுப்பதைத் தடை செய்கிறது. தூய நீரும் புட்டியைக் கொதிக்கவைக்க வசதியும் இல்லாத இடத்தில் அந்தப் பொடி வயிற்றுப்போக்கை வரவழைக்கும் என்பதும், தாய்ப்பால் கொடுப்பதைக் குறைத்துவிடும் என்பதும் அதற்கான காரணங்கள். செவிலியர் அவற்றைப் பிரிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைத்தார். சாதாரணப் பால்பவுடர் மட்டும் கொதித்த நீரில் கரைக்கப்பட்டு முதியவர்களுக்குப் போனது. அதனால் மிச்சமான பசும்பால் குழந்தைகளின் பங்கில் சேர்ந்தது.

பின்னர் நடந்தவை

இரண்டாம் வாரத்தில் சாலை சீராகி லாரி வந்தது. மின்சாரம் வர அதன் பிறகும் நாளாயிற்று. அதுவரை காலை நேரத்துப் பாலை மட்டும் லாரிக்கு அனுப்பி, மாலைப் பாலை ஊரிலேயே காய்ச்சிக் கொடுத்தார்கள். 2012 ஜனவரி 15ஆம் தேதி பொங்கல். பால் பொங்காமல் பொங்கலா என்ற கேள்வி எழுந்தபோது, முன்னுரிமைப் பங்கில் கைவைக்காமல், எஞ்சிய பாலிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆழாக்கு கொடுக்கப்பட்டது. கூரை இல்லாத வீடுகளும் அதை வாங்கிக்கொண்டன. பொங்கல் முடிந்து சில நாட்களில் பாக்கெட் பால் வழக்கம்போல வரத் தொடங்கியதும் பங்கீடு நிறுத்தப்பட்டது.

வியாபாரிகளிடம் போன உற்பத்தியாளர்களில் பெரும்பாலோர் நகரத்தில் விலை இறங்கியதும் சங்கத்துக்குத் திரும்பினார்கள். அவர்களைத் தண்டிக்க வேண்டும் என்ற குரலுக்குச் செயலர் இடம் கொடுக்கவில்லை. கூரை பறந்த வீட்டில் ஒருத்தி இரண்டு மடங்கு விலைக்குப் பாலை விற்றதை எந்தக் கணக்கில் குற்றம் என்று எழுதுவது என்று அவர் கேட்டார். அந்த வாரங்களில் குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரியவில்லை என்று செவிலியர் தெரிவித்தார். தண்ணீரில் குளோரின் கலந்ததும் அதே நாட்களில் நடந்ததால், பாலுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது.

மீண்டும் செய்வதானால்

முதல் நாட்களின் தேக்கத்தைத் தடுத்திருக்கலாம் என்பதே பங்கேற்றவர்கள் அனைவரின் கருத்து. வாய்க்காலில் ஊற்றிய பாலை, லாரிக்குக் காத்திருக்காமல், அன்று மாலையே சைக்கிளில் மீனவர் குடியிருப்புக்குக் கொண்டுபோயிருக்க முடியும். கடலோர மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒவ்வோர் அக்டோபரிலும், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், சிறு குழந்தைகள் ஆகியோரின் பட்டியலைச் செவிலியர் புதுப்பித்து ஒரு படியைச் சங்கத்தில் வைக்க வேண்டும் என்றும், அதில் சூளைகளிலும் வாடகை வீடுகளிலும் இருப்பவர்கள் விடுபடக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். கைச்சுழல் எந்திரத்தைப் பழைய இரும்பாகப் போடுவதில்லை, அதற்கு வேண்டிய அமிலத்தையும் ஆல்கஹாலையும் இருப்பில் வைப்பது என்பதும் அதோடு சேர்ந்தது. டீசலை முன்கூட்டியே வாங்கி வைப்பது பற்றி ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. பணம் முடங்கும் என்றார்கள்.

தீவனக் கடன் பாக்கி பால் பணத்தில் சிறிது சிறிதாகப் பிடிக்கப்பட்டு அந்தக் கோடைக்குள் ஏறக்குறைய தீர்ந்தது. புயலில் சுவர் விழுந்து பசுவை இழந்த இரண்டு குடும்பங்களிடம் மட்டும், புயலுக்கு முந்திய தீவனக் கடன் நிலுவையாக நின்றது. பால் ஊற்றாதவர்களிடம் எதிலிருந்து பிடிப்பது என்று தெரியாமல் அந்தக் கணக்கு ஆண்டிறுதி வரை திறந்தே இருந்தது. பிறகு சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து நேர்செய்யப்பட்டது. அவ்விரு குடும்பங்களில் ஒன்று மறு ஆண்டு ஒரு கிடேரி வாங்கி மீண்டும் பால் ஊற்ற வந்தது. மற்றொன்று கட்டட வேலைக்குப் புதுச்சேரிக்குப் போய்விட்டது.